மட்டக்களப்பில் நடக்கத் தொடங்குபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளினிக் கொப்பியோடு ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பும் பலருக்கு டொக்டர் கடைசியாகச் சொல்லும் சொல் ஒன்றுதான்: "நடவுங்க." எவ்வளவு, எங்கே, எந்த நேரம் என்று கேட்க நினைப்பதற்குள் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விகளுக்கு எங்கள் ஊர் வெயிலையும் வீதியையும் மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மட்டும்தான். ஏற்கெனவே ஓடுகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

வருஷக்கணக்காக நடந்ததே இல்லை. முதல் நாள் எவ்வளவு தூரம் போகலாம்?

தூரத்தை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள். முதல் நாள் பத்து நிமிஷம். வாசலில் இருந்து ஐந்து நிமிஷம் போய், கிறுகி ஐந்து நிமிஷம் வந்தால் சரி. "இது ஒரு நடையா" என்று தோன்றும். தோன்றட்டும். முதல் நாள் உற்சாகத்தில் கல்லடியில் இருந்து நாவற்குடா வரைக்கும் போய்வந்துவிட்டு, மூன்றாம் நாள் கெண்டைக்கால் பிடித்து, ஐந்தாம் நாள் நடையையே விட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் உடம்பில்தான். மூச்சும் இதயமும் இரண்டு மூன்று கிழமையில் பழகிவிடும். தசைநார்களும் எலும்பும் அவ்வளவு கெதியில் பழகாது. மூச்சு "இன்னும் போகலாம்" என்று சொல்லும்போது கணுக்காலும் முழங்காலும் அதற்குத் தயாராக இருக்காது. அதனால் கிழமைக்கு ஐந்து நாள் நடந்து, ஒவ்வொரு கிழமையும் ஐந்து நிமிஷம் மட்டும் கூட்டுங்கள். ஐந்தாம் கிழமை அரை மணித்தியாலத்துக்கு வந்துவிடுவீர்கள். ஒரு கிழமை கடினமாக இருந்தால் அடுத்த கிழமையும் அதே அளவிலேயே நில்லுங்கள். யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை.

அரை மணித்தியாலத்தோடு நிறுத்தலாமா?

நிறுத்தலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று இருக்கிறது. அரை மணித்தியாலம் ஐந்து நாள் நடந்தால் 150 வந்துவிடும். முன்பெல்லாம் ஒரே தொடராகப் பத்து நிமிஷமாவது நடந்தால்தான் கணக்கு என்றார்கள். அந்த நிபந்தனையை இப்போது எடுத்துவிட்டார்கள். ஆகவே காலமை பத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து, பின்னேரம் பத்து என்று பிரித்தாலும் கணக்கில் சேரும். கடையில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கும், வீட்டில் சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கும் இந்த வழிதான் தோது.

அதே வழிகாட்டல் கிழமைக்கு இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கவும் சொல்கிறது. பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து பத்துத் தரம் எழும்பி இருங்கள். மறுகா சுவரில் கையை வைத்துப் பத்துத் தரம் தண்டால் போல முன்னே சாய்ந்து தள்ளுங்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் இதை விடவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தொடையில் பலம் இல்லாவிட்டால் நடையும் நீளாது.

பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்கிறார்களே?

அந்த எண் ஆராய்ச்சியில் இருந்து வந்தது அல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த வருஷம் ஜப்பானில் ஒரு அடி எண்ணும் கருவி விற்பனைக்கு வந்தது. அதன் பெயரிலேயே பத்தாயிரம் இருந்தது. அந்த எண் அப்படியே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 2019இல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் செய்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி அளவில் நடந்தவர்களை விட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு வீதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை.

உங்கள் போனில் அடி எண்ணும் வசதி இருந்தால் ஒரு கிழமை சும்மா பாருங்கள். மூவாயிரம் காட்டினால் நாலாயிரத்துக்குக் கொண்டுபோங்கள். அந்த வசதி இல்லாவிட்டாலும் ஒரு குறையும் இல்லை, மணிக்கூடு போதும்.

எவ்வளவு வேகமாக நடக்க வேண்டும்?

பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். கதைக்கும்போது வசனம் பாதியில் அறுந்து மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது. ஊர்ப்புதினம் முழுவதையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் அது உலாத்தல்.

எண்ணிப் பார்க்க விரும்பினால், நிமிஷத்துக்கு நூறு அடி என்பது நல்ல அளவு. பதினைந்து விநாடிக்கு இருபத்தைந்து அடி வந்தால் சரி. வேகத்தைக் கூட்டக் காலை நீட்டி எட்டு வைக்காதீர்கள், குதிகால் ஓங்கி விழும், முழங்கால் அதிரும். அடியைச் சின்னதாக வைத்து கெதிகெதியாக வையுங்கள். முழங்கையை மடித்துக் கையை வீசினால் கால் தானாகவே வேகம் பிடிக்கும். முதல் இரண்டு மூன்று நிமிஷமும் கடைசி இரண்டு மூன்று நிமிஷமும் மெதுவாக இருக்கட்டும்.

விடிய நடப்பதா, பின்னேரம் நடப்பதா?

எங்கள் பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி இதுதான். குளிர்நாட்டுக்காரர் எழுதிய நடைக் குறிப்புகளில் "எந்த நேரமும் நல்லது" என்று இருக்கும். இங்கே அது பொருந்தாது.

மட்டக்களப்பில் வருஷம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் சூரியன் வருகிறது. ஏழரைக்கே வெயில் முதுகில் ஏறிவிடும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பதால் காற்றில் ஈரம் அதிகம். ஈரக் காற்றில் வியர்வை வடியும், ஆனால் காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருக்கிறது, ஆனாலும் உள்சூடு தணியவில்லை என்றால் உடம்பு வெப்பத்தை வெளியேற்றச் சிரமப்படுகிறது என்று அர்த்தம். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இது மாறிவிடும். வியர்வை தெரியாமலே காய்ந்துபோகும், நாக்கு வறண்ட பிறகுதான் தண்ணீர் போன விஷயமே விளங்கும். அந்த மாதங்களில் நடக்கப் போகுமுன் ஒரு கிளாஸ், வந்ததும் ஒரு கிளாஸ் தண்ணீர் குடிப்பதைப் பழக்கமாக்குங்கள். இளநீர் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஆகவே வெளிச்சம் வரத் தொடங்கியதில் இருந்து ஏழு மணி வரை, இல்லாவிட்டால் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு. எனக்குக் கேட்டால் விடியற்காலைதான் என்பேன். பின்னேரம் என்று வைத்தால் விருந்தாளி வருவார், மழை வரும், பிள்ளையை ரியூசனில் இருந்து கூட்டிவர வேண்டியிருக்கும். ஏசி அறையிலேயே வேலை செய்பவர்கள் வெயிலுக்குப் பழக ஒன்று இரண்டு கிழமை எடுக்கும். அந்தக் காலத்தில் வேகம் வேண்டாம்.

மாரி மழையில் என்ன செய்வது?

கார்த்திகையில் இருந்து தை வரைக்கும் வீதி பாதி நாள் தண்ணீருக்குள் கிடக்கும். வெள்ளத்துக்குள் நடக்காதீர்கள். மதவு எது, குழி எது என்று தெரியாது, எலிக்காய்ச்சல் பயமும் இருக்கிறது. காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் கட்டாயம் வேண்டாம். வீட்டு விறாந்தையில், கோயில் மண்டபத்தில், மாடி வீடென்றால் மேல்தட்டில் நடக்கலாம். பத்து நிமிஷம் முன்னும் பின்னும் நடப்பது அலுப்புத்தான். றேடியோவில் செய்தி போகும் நேரத்தை நடைக்கு ஒதுக்கினால் அலுப்புத் தெரியாது. டெங்கு நுளம்பு விடியவும் பொழுதுபடவும்தான் அதிகம் கடிக்கும், முழுக்கைச் சட்டை போடுங்கள்.

எங்கே நடக்கலாம்?

டவுன்காரர்களுக்கு வசதி அதிகம். 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலம் நடக்க அருமையான இடம். பக்கத்தில் புதுப்பாலம் வந்த பிறகு பெரிய வாகனங்களின் தொல்லை அதில் இல்லை. இரண்டு பக்கமும் வாவி, முகத்தில் காற்று. தூண்டில் போடுகிறவர்களுக்கு இடம் விட்டு நடந்தால் சரி. காந்திப் பூங்காவை ஒட்டிய வாவிக்கரை, மாமாங்கக் குளத்தடி, கல்லடிக் கடற்கரை எல்லாம் நல்ல இடங்கள். தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று போனால் கடற்கரை நெடுகிலும் நடப்பவர்களைக் காணலாம்.

ஆனால் தொடங்குகிறவருக்குச் சிறந்த இடம் வீட்டு ஒழுங்கை. மோட்டார்சைக்கிளில் ஏறிப் போய் நடப்பது என்று வைத்தால், சைக்கிள் பழுதான அன்றைக்கு நடையும் இல்லை. பிரதான வீதியில் நடக்க வேண்டி வந்தால், வாகனம் எதிரே வருவது தெரியும்படி வலது பக்கமாக நடவுங்கள். வெள்ளை அல்லது வெளிர்நிறச் சட்டை போடுங்கள். விடியப்புறம் கொழும்பு பஸ்கள் பறக்கிற வேகம் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் இரண்டு காதிலும் பாட்டை மாட்டிக்கொண்டு நடக்கவே வேண்டாம்.

நாங்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரை. விடிய நாலரைக்கு நடக்கலாமா?

வேண்டாம். வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கங்களிலும் அம்பாறையின் வயல் ஓரங்களிலும் யானை இரவில் வயலுக்கு வந்து, விடியும் நேரத்தில்தான் காட்டுக்குத் திரும்பும். இருட்டில் யானை இருபது யார் தூரத்தில் நின்றாலும் தெரியாது. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, வீடுகள் உள்ள வீதியில், கூட்டாக நடவுங்கள். முந்தின இரவு யானை வெடிச் சத்தம் கேட்டிருந்தால் அன்றைக்கு முற்றத்துக்குள்ளேயே நடையை முடித்துக்கொள்ளுங்கள். வாவி ஓரத்துப் பற்றைகளில் முதலையும் உண்டு, தண்ணீர் ஓரமாக நடக்காதீர்கள்.

கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நடப்பது நல்லதா?

நல்ல பயிற்சிதான், ஆனால் தொடக்கத்தில் வேண்டாம். காய்ந்த மணலில் கால் புதைவதால் கெட்டியான தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். குதிகாலுக்குப் பின்னால் உள்ள நார் அளவுக்கு மீறி இழுபடும். ஈரமணல் கெட்டியானது, ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாக நெடுநேரம் நடந்தால் ஒரு பக்க இடுப்பு நோகும். போன தடத்திலேயே திரும்பி வந்தால் அது சமப்படும். முதலில் ஒரு மாதம் ரோட்டில் பழகிவிட்டு, பிறகு ஐந்து பத்து நிமிஷம் மணலில் நடவுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது.

சப்பாத்து வாங்கத்தான் வேண்டுமா?

விலை உயர்ந்தது வேண்டாம். இப்போது போடும் செருப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். குதிகாலில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, ஓரம் கத்தி போலச் சாய்ந்திருந்தால் அதோடு நீண்ட நடை போகாதீர்கள். றப்பர்ச் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரலை இறுக்கிப் பிடித்தே நடப்போம், அதில் பாதம் களைத்துவிடும். பின்பக்கம் பட்டி உள்ள சாண்டில்ஸ் போதும். சப்பாத்து வாங்குவதென்றால் பின்னேரம் போய் வாங்குங்கள், கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நடு அடியில் மடங்காமல், விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்குகிறதா என்று கையால் வளைத்துப் பாருங்கள்.

எனக்குச் சீனி. நடந்தால் குறையுமா?

குறையும். வேலை செய்யும் தசை இரத்தத்தில் இருக்கும் சீனியை நேரடியாக இழுத்துக்கொள்ளும், அதற்கு இன்சுலினை அவ்வளவாக நம்பியிருக்கத் தேவையில்லை. நடை முடிந்த பிறகும் சில மணித்தியாலங்களுக்கு இன்சுலின் கூடுதலாக வேலை செய்யும். சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் அந்தச் சாப்பாட்டால் ஏறும் சீனி குறைவாகவே ஏறும். சோறும் புட்டும் இடியப்பமும் சாப்பிடும் எங்களுக்கு இது பெரிய விஷயம். இரவுச் சாப்பாட்டை முடித்ததும் டிவிக்கு முன்னால் இருந்துவிடாமல் வளவுக்குள் நாலு சுற்று நடந்து பாருங்கள்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிக்லசைட் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் நடக்கும்போது சீனி அளவுக்கு மீறிக் குறையலாம். கை நடுக்கம், குளிர் வியர்வை, திடீர்ப் பசி, தலைச்சுற்று வந்தால் உடனே இருந்துவிடுங்கள். மூன்று தேக்கரண்டி சீனியோ குளுக்கோஸோ வாயில் போடுங்கள். அதற்காகவே ஒரு சின்னப் பொட்டலம் பொக்கற்றில் எப்போதும் இருக்கட்டும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்குகளையும் உள்ளங்காலையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் ஒரு முகக்கண்ணாடியைத் தரையில் வைத்து அதற்கு மேல் பாதத்தைப் பிடிக்கலாம். விறைத்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. சின்னக் கொப்புளத்தைக் கூட கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.

பிரஷர் உள்ளவர்கள், நெஞ்சு வருத்தம் வந்தவர்கள்?

நடை பிரஷரைக் கொஞ்சம் குறைக்கும், அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்தக்கூடாது. மேல் அளவு 180ஐத் தாண்டினால் முதலில் டொக்டரைப் பாருங்கள், நடை பிறகு. ஏற்கெனவே நெஞ்சு வருத்தம் வந்தவர்களும் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சீனி, பிரஷர் இலவசமாகப் பார்க்கும் நிலையங்கள் அரச ஆஸ்பத்திரிகளில் உள்ளன. நடைக்கு முன் ஒரு தரம் போய்வருவது நல்லது.

நடக்கும்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் நோ, காரணமில்லாத வியர்வை, கண் இருட்டல் வந்தால் "வாய்வு" என்று சொல்லி இஞ்சித்தேநீர் தேடிப் போகாதீர்கள். இருந்த இடத்திலேயே இருந்து 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், தமிழிலும் கதைக்கலாம். போன் இல்லாமல் நடக்கப் போகாதீர்கள்.

முழங்கால் நோகிறது. நடந்தால் இன்னும் தேயாதா?

பலரும் இப்படித்தான் பயப்படுகிறார்கள். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு நடையும் தொடைப் பயிற்சியும்தான் முதல் வைத்தியம். இருந்தே இருந்தால் மூட்டு இன்னும் விறைக்கும். நடக்கும்போது கொஞ்சம் நோகலாம். அடுத்த நாள் விடிய அந்த நோ கூடியிருந்தாலோ, மூட்டு வீங்கிச் சுட்டாலோ அளவைப் பாதியாக்குங்கள். விடிய எழும்பி வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் அது வேறு. கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, மெத்தென்ற செருப்பு, சில கிழமை பொறுமை மூன்றும் வேண்டும்.

நடந்தால் உடம்பு மெலியுமா?

நடையால் மட்டும் என்றால் மெதுவாகத்தான். எழுபது கிலோ உள்ள ஒருவர் அரை மணித்தியாலம் நல்ல வேகத்தில் நடந்தால் 120 கலோரி அளவில் செலவாகும். மூன்று கரண்டி சீனி போட்ட ஒரு பிளேன்டீயில் ஐம்பது கலோரி. நடந்து முடித்துக் கடையடியில் பிளேன்டீயும் இரண்டு றோல்ஸும் எடுத்தால் கணக்கு மைனஸில் போய்விடும். தராசை விட்டு சாரத்தின் கட்டையும் பாவாடை நாடாவையும் பாருங்கள், இடுப்பில்தான் முதலில் வித்தியாசம் தெரியும். தராசு அசையாவிட்டாலும் நித்திரையும் மூச்சும் சீனியும் சீராகும்.

பெண்கள் தனியாக நடந்தால் ஊர் கதைக்குமே?

கதைக்கும். சில நாளில் பழகியும் விடும். தனியாகப் போவதை விடச் சேர்ந்து போவது நல்லது, பாதுகாப்புக்காக மட்டும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமியும் இரண்டு மருமக்களும் நடக்கிறார்கள். முதலில் வெளிக்கிட்டவர் அடுத்த வீட்டுக் கேற்றை இரண்டு தரம் தட்டுவார். "வா புள்ள, விடிஞ்சிட்டு." தட்டினால் வெளியே வராமல் இருக்க முடியாது. ஆளுக்கொரு டோர்ச், மாமி கையில் நாய்க்கு ஒரு சின்னத் தடி. சல்வார், அபாயா, சாரி எதுவென்றாலும் கணுக்காலில் தட்டாத நீளமாக இருந்தால் போதும். கோயில் வெளிவீதியைச் சுற்றி நடப்பதும் எங்கள் ஊரில் யாரும் கேள்வி கேட்காத நடைதான்.

நோன்பு காலத்தில்?

நோன்பு திறப்பதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் மெதுவாக நடக்கலாம், முடிந்ததும் தண்ணீர் கிடைத்துவிடும். வேகநடை என்றால் நோன்பு திறந்து ஒரு மணித்தியாலமாவது கழியட்டும். சுபஹுத் தொழுகை முடிந்து நடக்கும் வழக்கம் உள்ளவர்கள் அந்த மாதம் அதைக் குறைத்துக்கொள்வது நல்லது, பகல் முழுக்கத் தாகத்தோடு இருக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் டொக்டரிடம் கேட்காமல் நடக்க வேண்டாம்.

நாய் துரத்தினால்?

ஓடாதீர்கள். நின்று, கண்ணைப் பார்க்காமல், மெல்லப் பின்வாங்குங்கள். கடித்தாலோ நகம் கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் பூசிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள்.

காய்ச்சல் வந்து இரண்டு கிழமை விட்டுப்போச்சு. விட்ட இடத்தில் தொடங்கலாமா?

பாதியில் தொடங்குங்கள். முன்பு முப்பது நிமிஷம் என்றால் இப்போது பதினைந்து. டெங்கு வந்து எழும்பியவர்கள் களைப்பு முழுதாகத் தீரும் வரை பொறுக்க வேண்டும்.

உகந்தையில் இருந்து காட்டுவழியாகக் கதிர்காமம் நடந்து போக நேர்ந்திருக்கிறேன். எப்படி ஆயத்தமாவது?

இந்தக் கேள்வி வந்தால் மனம் நிறைந்துவிடும். கிழக்கில் நடையை யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை என்பதற்கு அந்தப் பாதையே சாட்சி. ஆனால் குமண தாண்டி, கும்புக்கன் ஓயாவைக் கடந்து, யால காட்டுக்குள் பல நாள் தொடர்ந்து நடப்பது ஒழுங்கையில் அரை மணித்தியாலம் நடப்பது போல இல்லை. குறைந்தது மூன்று மாதம் வேண்டும். பாதை பெரும்பாலும் ஆனி, ஆடியில்தான் திறக்கும், ஆகவே பங்குனியிலேயே தொடங்குங்கள்.

முதலில் அரை மணித்தியாலத்தைப் பிடியுங்கள். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு நாள் மட்டும் நீண்ட நடை: ஒரு மணித்தியாலம், ஒன்றரை, இரண்டு என்று கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டாம் மாதத்தில் சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து நீண்ட நடை வையுங்கள். நேற்று நொந்த காலோடு இன்றைக்கும் நடக்கப் பழகுவதுதான் காட்டுவழிக்குத் தேவை. கடைசி மாதத்தில், கொண்டுபோகப் போகும் பையை அதே பாரத்தோடு தோளில் போட்டு நடவுங்கள். காட்டுக்குப் புதுச் செருப்பு வாங்கிப் போடாதீர்கள். இரண்டு மாதமாவது காலில் பழகியதைப் போடுங்கள். தண்ணீரோடு, உப்பும் குளுக்கோஸும் கலந்த ஜீவனித் தூள் பைக்கற்றும் கொஞ்சம் இருக்கட்டும், பைக்கற்றில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள். பிரஷர் உள்ளவர்கள் அதைப் பற்றியும் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலில் ஓரிடம் சுடுவதுபோல் தெரிந்த உடனேயே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள், கொப்புளம் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வந்துவிட்டால் தோலை உரிக்காமல் சுத்தமாக மூடிக் கட்டுங்கள்.